பங்கு இருந்தால் போதுமா? கேள்வியும் வேண்டும்!

உழைக்கிற தோட்டத்தில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதியதல்ல. தெமியாங் வட்டாரப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் போச்சு, லயத்து வீடும் போச்சு என்று எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்தன.

அந்தத் துண்டாடலுக்கு மாற்றாகத்தான் 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் பேசினார். ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டியவர்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த அந்தப் பணத்தில்தான் கெடாவிலே புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள் வந்தன. கூலி என்று அழைக்கப்பட்டவர்கள் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். இது சாதாரண காரியமா?

ஆனால் பங்கு கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? கேரளத்து மூணாறைப் பாருங்கள். 2005ல் டாடா டீ கம்பெனி அங்கே தேயிலைத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து விலகியது. தொழிலாளரும் ஊழியரும் பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி அவற்றை ஏற்றது. கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பலர் நம் தமிழ்ப் பெண்கள்.

பத்தாண்டு கழித்து, 2015 செப்டம்பரில், அதே பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். 10 சதவீத போனஸ்தான் என்று கம்பெனி அறிவித்திருந்தது. நாள் கூலி 232 ரூபாய். தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் கிட்டே அண்ட விடவில்லை. கடைசியில் போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள். பின்னர் கூலி 301 ரூபாயானது.

தாங்கள் பங்கு வைத்திருந்த கம்பெனியை எதிர்த்தே அவர்கள் ஏன் தெருவுக்கு வர வேண்டியிருந்தது? பங்குப் பத்திரம் அவர்கள் வீட்டில் இருந்தது. முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் குரல் எடுபடவில்லை. இதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2001ல் அமெரிக்காவில் என்ரான் கம்பெனி கவிழ்ந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பை அதே கம்பெனியின் பங்கில் போட்டிருந்த ஊழியர்களுக்கு வேலையும் போனது, சேமிப்பும் போனது. சோறு போடும் இடத்திலேயே சேமிப்பு முழுவதையும் கொட்டக் கூடாது.

ஆகவே பங்கு வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். கம்பெனியிலோ பங்குக்கு ஒரு ஓட்டு. அதிகம் வைத்திருப்பவன் சொல்வதே நடக்கும். நாம் சேர்வது எது என்று முதலில் கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், "நமக்கெதுக்கு இதெல்லாம்?" என்று இருந்துவிடாதீர்கள். கணக்கைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். லாப ஈவு ஏன் குறைந்தது என்று எழுந்து கேட்பது மரியாதைக் குறைவல்ல. அது உங்கள் உரிமை.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய்விட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பங்குச் சீட்டு கிடைத்தால் அதைச் சங்கத்துக்கு எடுத்துச் சென்று விசாரியுங்கள். வாரிசுப் பெயர் மாற்றாமல் கிடந்தால் உடனே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். உயிரோடு இருக்கும் பெரியவர்கள் வாரிசின் பெயரை இப்போதே எழுதிக் கொடுத்துவிடட்டும்.

மாதம் 10 வெள்ளி கட்டிய அந்தத் தலைமுறை தன் கடமையைச் செய்துவிட்டது. அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் கடமை நம்முடையது.