"நல்லா இருக்கேன் டாக்டர்"னு சொல்லாதீங்க!

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. பரீட்சை ஒரு காரணம். இன்னொரு காரணம் அத்தான்.

அக்கா வீட்டுக்காரர் பதினஞ்சு வருஷமா அமெரிக்காவில் மென்பொருள் வேலை பார்த்தவர். முதுகில் டிஸ்க் விலகி ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. சேர்ந்தாப்ல அரை மணி நேரம் உட்கார முடியாது. ஆபீஸ் மூலமா எடுத்த டிசபிலிட்டி இன்சூரன்ஸில் பணம் கேட்டா, "உட்கார்ந்து செய்யும் வேலைதானே, செய்யலாம்"னு மறுத்துட்டாங்க.

"எம்.ஆர்.ஐ. இருக்கே, வேற என்னடா ஆதாரம் வேணும்?"னு அத்தான் கொதிச்சார். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

தனியார் கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தரும் இந்த இன்சூரன்ஸ் பெரும்பாலும் 1974ல் வந்த 'எரிசா' சட்டத்துக்குள்ள வரும். மேல்முறையீட்டுக்கு 180 நாள் உண்டு. அதுவும் மறுத்த அதே கம்பெனிகிட்ட! பிறகு கோர்ட்டுக்குப் போனாலும், கம்பெனி ஃபைலில் ஏற்கெனவே சேர்ந்த காகிதங்களைத்தான் நீதிபதி பெரும்பாலும் பார்ப்பார். ஆக, சேர்க்க வேண்டியதை இப்பவே சேர்த்தாகணும்.

அந்த ஃபைலை இலவசமா கேட்டு வாங்க உரிமை உண்டு. வாங்கிப் படிச்சா தூக்கிவாரிப் போட்டுச்சு. டாக்டர் குறிப்பில் நாலு இடத்தில் 'நலமாக இருப்பதாக நோயாளி சொல்கிறார்'. அத்தானைக் கேட்டா, "எப்படி இருக்கீங்கன்னு கேட்டார், நல்லா இருக்கேன்னேன். மரியாதைக்குச் சொல்றதுதானேடா"ங்கறார்!

நம்ம வளர்ப்பு அப்படி. வலியைச் சொன்னா புலம்பல், பொறுத்துக்கிட்டா பெருமை. அந்தப் பெருமைதான் இப்ப எதிர்சாட்சி.

வியாதியோட பேர் ஆதாரம் ஆகாதுங்கறதுதான் நான் கத்துக்கிட்டது. எத்தனை நிமிஷம் உட்கார முடியும்னு எம்.ஆர்.ஐ. சொல்லாது. 'வேலை செய்ய இயலாது'ன்னு டாக்டர் எழுதற ஒத்தை வரியும் போதாது. வைத்தியம் பார்க்கிற டாக்டரோட கருத்துக்குத் தனி மதிப்பு தர வேண்டிய கட்டாயம் இல்லைன்னு 2003லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2018 ஏப்ரலுக்கு அப்புறம் போட்ட கிளெய்ம்னா, அந்த டாக்டர் சொன்னதை ஏன் ஏத்துக்கலைன்னு கம்பெனி காரணமாவது எழுதணும்.

அதனால் உட்கார, நிற்க, தூக்க எவ்வளவு முடியும்னு டாக்டர்கிட்ட நிமிஷக் கணக்கில் எழுதி வாங்கினோம். பிசியோதெரபி நிலையத்தில் மணிக்கணக்கா உடல்திறன் பரிசோதனை நடந்துச்சு. மாத்திரையால் வர்ற மந்தத்தையும் பதிவு பண்ணினோம். கூட வேலை பார்த்தவர், மீட்டிங் நடுவில் அத்தான் தரையில் படுத்துக்குவார்னு கடிதம் கொடுத்தார். அக்கா எழுதினது சாக்ஸ் மாட்டிவிடற கதை.

அதைப் படிச்சிட்டு அத்தான் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இவ்வளவு மோசமாவா இருக்கேன்?"னார்.

ஒரு மனுஷனோட மானத்தையெல்லாம் காகிதத்தில் பரப்பி வைக்கச் சொல்ற ஏற்பாடு இது. எனக்குக் கோபம்தான். ஆனா மறைச்சா நஷ்டம் நமக்கு. மிகைப்படுத்த வேண்டாம், உள்ளதை உள்ளபடி ஒவ்வொரு தடவையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது புலம்பல் இல்லை.

பி.கு: முடிவு இன்னும் வரலை. நான் வக்கீலும் இல்லை. கடிதம் வந்தா முதல் வாரமே ஒரு வக்கீலைப் பாருங்க, நாங்க செஞ்ச மாதிரி ரெண்டு மாசம் திட்டிக்கிட்டு உட்காராதீங்க :-)