சுண்ணாம்பு கொதிக்கிறது, யூரியா சில்லிடுகிறது... ஏன்?

"திருப்போரூர் அருகே எங்களுக்குக் கொஞ்சம் எலுமிச்சை இருக்கிறது. போர்டோ கலவைக்குச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது. யூரியா கரைத்தாலோ வாளியே சில்லிடுகிறது. பிணைப்பு உடைவதால் சூடு வருகிறது என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் மகள். சரியா?"
- வாசகி, மயிலாப்பூர்.

உங்கள் மகள் தலைகீழாகச் சொல்கிறாள். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும். புதுப் பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வரும். வரவு மிஞ்சினால் சூடு, செலவு மிஞ்சினால் குளிர்ச்சி.

யூரியாவுக்கு மூலமான அம்மோனியாவையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மோல் நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல், மூன்று மோல் ஹைட்ரஜனுக்கு 436 வீதம் 1,308. செலவு 2,253. கிடைக்கும் இரண்டு மோல் அம்மோனியாவில் ஆறு மோல் பிணைப்புகள். 391 வீதம் வரவு 2,346. மிச்சம் 93 கிலோஜூல் வெப்பமாக வெளியேறும். ஆனாலும் முதல் செலவான அந்த 945 லேசுப்பட்டதல்ல. அதற்காகத்தான் மணலி போன்ற உர ஆலைகளில் இரும்பு வினையூக்கி, 400 டிகிரி சூடு, கடும் அழுத்தம் எல்லாம். காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன் இருந்தும் நெற்பயிர் தழைச்சத்து இல்லாமல் மஞ்சளாவது இதனால்தான். உளுந்து வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் அதே பிணைப்பை வயல் சூட்டிலேயே உடைத்துவிடுகிறது!

சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேரும்போது வரவு அதிகம். ஒரு கிலோ நீர்த்தால் சுமார் 1,150 கிலோஜூல். மூன்று லிட்டர் தண்ணீர் கொதிக்கும் அளவு. யூரியாவில் படிகம் பிரியும் செலவு அதிகம், அதைத் தண்ணீரின் சூட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஐந்து லிட்டரில் ஒரு கிலோ கரைத்தால் பத்து டிகிரி வரை குறையும். குளிர்ந்த நீரில் கரைவது மந்தமாகும். முழுக்கக் கரைந்த பிறகே தெளிப்பானில் ஊற்றுங்கள்.

சுண்ணாம்பில்தான் கவனம் தேவை. மெல்லிய பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், மண்பானை நல்லது. தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். முகத்தை விலக்கிக் கொள்ளுங்கள், கண்ணாடி அணியுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கண்ணில் தெறித்தால் உடனே 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நீர்த்த சுண்ணாம்பு நன்றாக ஆறிய பிறகு வடிகட்டி, அதில் மயில்துத்தக் கரைசலை ஊற்றிக் கலக்குங்கள். பத்து லிட்டர் கலவைக்கு இரண்டும் தலா 100 கிராம். சூட்டோடு கலந்தால் கலவை திரிந்து அடியில் படியும். தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே தெளித்துவிடுங்கள்.