உறுதி இருக்கிறது, சோறு எங்கே?

உண்ணுதல் கோளாறு பணக்கார வீட்டுப் பெண்களின் நோய் என்ற கதையை இனியும் நம்ப வேண்டாம், தோழர்களே. பட்டினி கிடப்பது, அடக்க முடியாமல் அள்ளித் தின்பது, தின்றதை வலிந்து வாந்தியெடுப்பது எல்லாம் நம் பிள்ளைகள் தங்கும் விடுதிகளிலும் நடக்கின்றன.

இதற்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் தொடக்கமே ஒழுங்கான சாப்பாடுதான்: நாளுக்கு 3 வேளை உணவு, இடையில் 2 அல்லது 3 முறை சிற்றுண்டி, 4 மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. அளந்து ஊற்றும் விடுதியில் இதை யார் தருவார்? மாட்டுக்கறி தின்பவர் என்று முகம் சுளிக்கும் கூட்டத்தின் நடுவே சோறு எப்படி இறங்கும்?

ஆலோசகரோ, 'மன உறுதியை வளர்த்துக்கொள்' என்கிறார். உறுதிக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் மரியாதையோடு கிடைக்கும் சோற்றுக்குத்தான்.

சிகிச்சை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2017 மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதிப் பாகுபாடற்ற சிகிச்சையை நம் உரிமையாக்கியிருக்கிறது. உடல் எடையைக் கேட்கும் ஆலோசகர், சாதி தந்த அவமானத்தையும் கேட்கட்டும். உணவுப்படியை உயர்த்தச் சொல்லி அவரும் நம்மோடு குரல் கொடுக்கட்டும்.

பக்கத்து அறைத் தோழி சாப்பாட்டைத் தவிர்த்தால் கேலி செய்யாதீர்கள். 14416-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள்.