ஜூரி கடிதம் வந்தா போங்க மக்களே

ஜூரி கடிதம் வந்ததும் 'இங்கிலீஷ் சரியா வராது'ன்னு எழுதித் தப்பிக்கிற நம்மாளுங்களுக்கு இந்தப் பதிவு. உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு ஜூரி பழக்கமில்லதான். இந்தியாவில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட அது போயாச்சு. ஆனா தீர்ப்பு சொல்ல யார் உட்கார்றாங்கன்றது சின்ன விஷயமில்லைங்க.

இலங்கையைப் பாருங்க. யாழ்ப்பாண எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10-ல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூரி எந்த மொழிக்காரங்கன்னு குற்றம் சாட்டப்பட்டவங்களே கேட்டு வாங்கலாம் அங்கே. சிங்களம் பேசும் ஜூரி அமைஞ்சது. ரவிராஜ் தரப்பு ஆட்சேபம் எடுபடலை. 2016 டிசம்பரில் ஐந்து பேரும் விடுதலை.

அங்கே கிடைக்காத நாற்காலியை இங்கே கூப்பிட்டுத் தர்றாங்க. நாம லீவு, சம்பளம்னு கணக்குப் பார்க்கிறோம்! நம்மாளைக் காப்பாத்தப் போகச் சொல்லலை. நியாயமாக் கேட்கப் போங்க. நாளைக்குக் கூண்டில் நிற்பது உங்க பிள்ளையா இருந்தா?