ரத்த வாந்தி வந்த பிறகுதான் எண்டோஸ்கோபியா?

'லிவர் சிரோசிஸ்' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குடியை விட்டா சரியாயிடுமா?" என்பதுதான். கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "எண்டோஸ்கோபி எடுக்கணுமா டாக்டர்?"

உள்ளே என்ன நடக்கிறது?

குடல், மண்ணீரலில் இருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் போகிறது. சிரோசிஸ் வந்தால் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடும். வழி அடைபட்ட ரத்தம் வேறு பாதை தேடும்போது, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. இவைதான் 'வேரிசஸ்'. சிரோசிஸ் கண்டுபிடிக்கப்படும்போதே சுமார் பாதிப் பேருக்கு இவை இருக்கும்.

வேரிசஸ் வலிக்காது. வெடித்தால்தான் தெரியும்: ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம். இன்றைய சிகிச்சைகள் எல்லாம் இருந்தும், இப்படி ரத்தம் கசிந்தவர்களில் 100-க்கு 15 முதல் 20 பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துபோகிறார்கள்.

முன்பே பார்த்தால்?

வெறும் வயிற்றில் போனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும் பரிசோதனை இது. சிரைகள் பெரிதாக இருந்தால் புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகள் தரலாம். அல்லது எண்டோஸ்கோபி வழியாகவே ரப்பர் வளையம் போட்டுக் கட்டலாம்.

எல்லோருக்கும் குழாய் விட வேண்டுமா? வேண்டாம். இத்தாலியின் பவேனோ நகரில் 2015-ல் கூடிய நிபுணர்கள் ஒரு வழி சொன்னார்கள். வயிற்றில் நீர் கோத்தல், மஞ்சள் காமாலை போன்ற சிக்கல்கள் இல்லாதவருக்கு ஃபைப்ரோஸ்கேன் அளவு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும், பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேலும் இருந்தால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடலாம். டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் நமக்கெல்லாம் தெரிந்த வார்த்தை. போர்ட்டல் அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்கினாலும் அது குறையும்.

திருவரங்குளத்தில் இருப்பவருக்கு?

ஆலங்குடி சாலையில் இருக்கும் திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டை கூப்பிடு தூரம். 2017 முதல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆகவே தூரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 'போய்ப் பாருங்க' என்று சொல்ல ஆள் இல்லாததும், 'குடிகாரன்னு பேசுவாங்க' என்ற கூச்சமும்தான் பெரிய தடைகள். குடிக்காதவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளாலோ, சர்க்கரை நோய், உடல் பருமனோடு வரும் கொழுப்புக் கல்லீரலாலோ சிரோசிஸ் வரலாம். குடித்ததால் வந்தது என்றாலும், சிகிச்சை பெறும் உரிமை போய்விடாது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே ஆண்டு மத்திய அரசும் கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்தது. அப்படியென்றால், ஒன்றியத்தில் உள்ள சிரோசிஸ் நோயாளிகளுக்கும் ஒரு பட்டியல் போட்டு, யார் எண்டோஸ்கோபி எடுத்தார், அடுத்தது எப்போது என்று கண்காணிப்பதில் என்ன கஷ்டம்? புது கட்டடம் வேண்டாம். ஒரு நோட்டும், ஒரு போன் அழைப்பும் போதும்.

அரசு அதைச் செய்யும் வரை, உங்கள் வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருந்தால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.