எதிலே சிக்கனம்?

கந்தப்பளைத் தோட்டத்து மாணவரொருவர், விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்குமெனக் கணினியொன்று பூட்டுவதற்கு எழுதிய பட்டியலை நம்மிடம் காட்டினார். செலவாகவிருப்பதோ தாயாரின் சீட்டுப் பணம். மினுக்கும் விளக்குகளுள்ள பெட்டிக்கு மிகுதியும், பவர் சப்ளைக்கு மிகக் குறைவும் ஒதுக்கியிருந்தார். விளக்குகள் விளையாட்டைக் கடுகளவும் விரைவாக்கா. மட்டமான பவர் சப்ளையோ, மின்சாரம் போய்வரும் மழைநாளொன்றில் ஏனைய உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும்.

சிக்கனத்துக்குரிய இடம் புரொசஸர். 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி, ஆறு கருக்களோடு கிராபிக்ஸையும் தன்னகத்தே உடையது. இலேசான விளையாட்டுக்களுக்கு அது போதும். தனிக் கிராபிக்ஸ் அட்டையைப் பணம் சேர்ந்தபின் வாங்கலாம். ஆனால், ‘ஜி’ என்னும் எழுத்தைக் கவனியாது வெறும் 5600ஐ வாங்கினால், தனி அட்டையின்றித் திரையில் ஒன்றுந் தோன்றாது!

நினைவகம் 16 கிகாபைட்டை ஒரே துண்டாக வாங்காது, எட்டெட்டாக இரண்டு வாங்குக. உள்ளமைந்த கிராபிக்ஸும் அந்நினைவகத்தையே பயன்படுத்துவதால், தரவு இருவழியாக ஓடும்போது வேகம் நன்கு கூடும். 4கே காணொளி தொகுப்போர் 32 கிகாபைட்டுக்கு முயல்வது நலம்.

பற்றுச்சீட்டில் உத்தரவாதக் காலத்தையும் ஒவ்வோர் உறுப்பின் தொடரிலக்கத்தையும் எழுதுவித்துக் கொள்க. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கியதை மாற்றுவதற்கு மறுபடியும் மலையிறங்க வேண்டுமல்லவா?