மெட்டு இருக்கட்டும், மலை எங்கே?

மூணாறு சி.எஸ்.ஐ. கற்கோயில் கட்டி முடிந்தது 1911-இல். இன்று அதே மூணாறில், எஸ்டேட் லயத்து (தொழிலாளர் வரிசைவீட்டு) பிள்ளைகளின் காதில் கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் தமிழ்க் கிறிஸ்தவ ஆல்பங்கள். 'சினிமா மெட்டு' என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எதற்கு? தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) அன்றைய ஜனங்கள் ரசித்த வடிவத்தை எடுத்துத்தானே 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்! எனக்குக் குறை மெட்டில் இல்லை, வரியில். 'நான், என், எனக்கு' என்றே பல்லவி சுற்றுகிறது. எந்த ஊரிலும் பாடலாம், எந்த ஊரும் அதில் இல்லை. குறவஞ்சி என்றாலோ, குறத்தி தன் மலைவளம் பாடாமல் தீராது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்கள்மேல் மண் சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோன மலை இந்த மூணாறு மலை. அந்தத் துக்கத்துக்கு ஒரு சரணம் ஒதுக்கலாம். எக்கோ கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை.